எந்தத் தரவுத்தளத்திலும் எண்கள் மாறாமல் இருக்க

மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் ஓர் அட்டவணையை உருவாக்கி, ஒரு நெடுவரிசைக்கு வெறுமனே டெசிமல் (தசம எண்) என்று வகை கொடுங்கள். அதில் 12.75 என்று சேமித்துத் திரும்பப் படித்தால் 13 என்று வரும். அதையே போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் செய்தால் 12.75 அப்படியே இருக்கும். இரண்டும் பதிவை ஏற்றுக்கொள்கின்றன, எதுவும் பிழை என்று நிறுத்துவதில்லை. அளவு குறிப்பிடாத டெசிமலை மைஎஸ்கியூஎல் (10,0) என்றும் எஸ்கியூஎல் சர்வர் (18,0) என்றும் எடுத்துக்கொள்கின்றன. அதாவது தசமப் புள்ளிக்குப் பின் இடமே கிடையாது. போஸ்ட்கிரெஸ்ஸோ கொடுத்த இலக்கங்களை எல்லாம் வைத்துக்கொள்கிறது. வகையின் பெயர் ஒன்றாக இருந்தால் நடத்தையும் ஒன்றாக இருக்கும் என்று நம்பக் கூடாது.

படி 1: எண்ணின் பொருளை எழுதுங்கள்

வகையைத் தேர்வதற்கு முன் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் எதிரே அது என்ன என்று எழுதுங்கள்: எண்ணிக்கையா, அடையாள எண்ணா, பணமா, கருவியில் அளந்த அளவா? தொலைபேசி எண்ணும் அஞ்சல் குறியீடும் இந்தப் பட்டியலில் வரவே கூடாது. அவற்றைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை. முன்னால் உள்ள பூஜ்யமும் தொலைந்துவிடும். அவற்றை உரையாகவே வையுங்கள்.

படி 2: முழு எண்கள்

சிறிய, நடுத்தர, பெரிய முழு எண் வகைகளான ஸ்மால்இன்ட், இன்டிஜர், பிக்இன்ட் ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டைனிஇன்ட் வேண்டாம்: மைஎஸ்கியூஎல்லில் அது -128 முதல் 127 வரை, எஸ்கியூஎல் சர்வரில் 0 முதல் 255 வரை, போஸ்ட்கிரெஸ்ஸில் இல்லவே இல்லை. மைஎஸ்கியூஎல்லின் குறியற்ற (குறை எண்களை ஏற்காத) இன்டிஜர் 4294967295 வரை ஏற்கும். போஸ்ட்கிரெஸ் இன்டிஜரின் எல்லை 2147483647 என்பதால், அப்படிப்பட்ட நெடுவரிசையை அங்கே கொண்டுபோகும்போது பிக்இன்ட் ஆக்குங்கள். அடையாள எண்களுக்கு முதலிலிருந்தே பிக்இன்ட் கொடுப்பது என் பரிந்துரை. கூடுதலாகப் போவது பதிவுக்கு நான்கு பைட்தான்; வளர்ந்துவிட்ட அட்டவணையில் பின்னர் வகையை மாற்றுவது பெரும் வேலை.

ஆரக்கிள் தரவுத்தளத்தில் இந்த அளவுகள் கிடையாது. அங்கே நம்பர்(10), நம்பர்(19) என்று இலக்கங்களைச் சொல்ல வேண்டும். நம்பர்(10) என்பது 9999999999 வரை அனுமதிக்கும். மற்ற தளங்களோடு எல்லை பொருந்த வேண்டுமானால் மதிப்பு வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு செக் கட்டுப்பாட்டையும் சேருங்கள்.

படி 3: பணமும் அளவீடும்

பணத்துக்கு எப்போதும் டெசிமல்(12,2) என்பதுபோல இரண்டு எண்களையும் எழுதுங்கள். முதல் எண் மொத்த இலக்கங்கள், இரண்டாவது தசம இலக்கங்கள். மைஎஸ்கியூஎல் 65 இலக்கங்கள் வரை தரும், ஆனால் ஆரக்கிளும் எஸ்கியூஎல் சர்வரும் 38-க்கு மேல் போகா. ஆகவே 38-ஐத் தாண்டாதீர்கள்.

மிதவைப் புள்ளி எண்ணில் (தசம எண்ணை இரும வடிவில் தோராயமாக வைக்கும் வகை) 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். 0.1, 0.2 போன்ற பின்னங்களை இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாததே காரணம். வெப்பநிலைக்கோ தொலைவுக்கோ இது பொருட்டல்ல, பணத்துக்குப் பொருட்டு. அளவீடுகளுக்குக்கூட ஃப்ளோட் (மிதவைப் புள்ளி வகை) என்று மட்டும் எழுதாதீர்கள்: மைஎஸ்கியூஎல்லில் அது 4 பைட், போஸ்ட்கிரெஸ்ஸிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் 8 பைட். டபுள் பிரிசிஷன் என்று எழுதினால் இம்மூன்றிலும் 8 பைட் கிடைக்கும். ஆரக்கிளில் பைனரி டபுள் என்பதைப் பயன்படுத்துங்கள்.

படி 4: எஸ்கியூஎல்லைட் தனி வழி

சோதனைக்கு எஸ்கியூஎல்லைட் என்ற சிறிய தரவுத்தளத்தையும் உண்மையான பயன்பாட்டுக்கு வேறொரு தளத்தையும் வைத்திருப்பவர்கள் இந்தப் படியை நிதானமாகப் படிக்க வேண்டும். டெசிமல்(12,2) என்று எழுதினால் எஸ்கியூஎல்லைட் ஏற்றுக்கொள்ளும், ஆனால் அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பொருட்படுத்தாது. 12.756 என்று கொடுத்தால் 12.756 என்றே இருக்கும், அதுவும் 8 பைட் மிதவைப் புள்ளி எண்ணாக. மற்ற தளங்கள் 12.76 என்று முழுமையாக்கியிருக்கும். உங்கள் சோதனைகள் எல்லாம் வெற்றி பெறும், வெளியிட்ட பிறகுதான் கணக்கு இடறும்.

இதற்கு நம்பகமான வழி, தொகையை நாணயத்தின் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாகச் சேமிப்பது. இரண்டு தசம இலக்கங்கள் கொண்ட நாணயத்தில் 12.75 என்பது 1275 ஆகும். எஸ்கியூஎல்லைட்டின் 3.37 பதிப்பில் வந்த, வகைகளைக் கண்டிப்பாகச் சரிபார்க்கும் ஸ்ட்ரிக்ட் அட்டவணைகளைப் பயன்படுத்தினால், டெசிமல் என்ற பெயரையே அது மறுத்துவிடும். தவறு அப்போதே தெரிந்துவிடும்.

படி 5: வகுத்தல்

7 / 2 என்று கேட்டால் போஸ்ட்கிரெஸ், எஸ்கியூஎல் சர்வர், எஸ்கியூஎல்லைட் ஆகியவை 3 என்கின்றன. மைஎஸ்கியூஎல்லும் ஆரக்கிளும் 3.5 என்கின்றன. பின்னம் வேண்டுமானால் 7.0 / 2 என்று எழுதுங்கள். நெடுவரிசைகளை வகுக்கும்போது வகையை மாற்றும் காஸ்ட் கட்டளை மூலம் டெசிமலாக மாற்றிவிட்டு வகுங்கள்.

படி 6: நிரலுக்குள் வரும்போது

தரவுத்தளம் சரியாக வைத்திருந்தாலும் நிரல்மொழி கெடுத்துவிடலாம். ஜாவாஸ்கிரிப்ட்டின் வழக்கமான எண் வகை 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிழையின்றித் தாங்கும், பிக்இன்ட்டின் எல்லையோ அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். பெரிய அடையாள எண்களை எழுத்துச் சரமாக, அதாவது உரையாக, கொண்டுவாருங்கள். பைத்தானில் பணத்துக்கு டெசிமல் வகுப்பு இருக்கிறது.

படி 7: எல்லையில் சோதியுங்கள்

ஒவ்வொரு தளத்திலும் ஒரே சோதனையை ஓட்டுங்கள்: 2147483647, அதற்கு அடுத்த எண், ஒரு குறை எண், 12.756, பின் வெற்று மதிப்பு (நல்). சேமித்து, படித்து, ஒப்பிடுங்கள். விடைகள் வேறுபடும் இடங்களில் எது சரி என்று நீங்கள் முடிவு செய்து, அந்த விதியை அட்டவணையை உருவாக்கும் நிரலிலேயே எழுதிவையுங்கள்.