மூச்சு நின்று மீண்டவருக்குக் கைகால் வெட்டி இழுத்தால் செய்ய வேண்டியவை

மட்டக்களப்பு வாவியில் மூழ்கியவரோ, வயல் வாடியில் உறங்குகையில் கட்டுவிரியன் தீண்டி மூச்சு நின்றவரோ உயிர் தப்பி நினைவு திரும்பிய பின், சில நாட்களிலோ வாரங்களிலோ கைகால்கள் வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்குவதுண்டு. மூளைக்கு ஒட்சிசன் குறைந்ததனால் வரும் இந்நிலையை 1963இல் லான்ஸ், ஆடம்ஸ் என்னும் மருத்துவர்கள் விவரித்தார்கள். இன்றும் அவர்கள் பெயராலேயே அது அறியப்படுகிறது. மூச்சு நின்ற முதல் ஓரிரு நாட்களில், நினைவற்ற நிலையிலேயே உடல் முழுவதும் துடிப்பது வேறு. அது தீவிர சிகிச்சைப் பிரிவினர் கவனிக்க வேண்டியது.

இதனை அடையாளம் காண்பது கடினமன்று. சும்மா இருக்கையில் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் கை, தேநீர்க் கோப்பையை எட்டித் தொடப் போகும் கணத்தில் வெட்டித் தேநீரைச் சிந்திவிடும், உறங்கினால் அடங்கிவிடும். நிற்கும்போது தசையின் பிடி ஒரு நொடி விட்டுப்போவதால் முழங்கால் மடங்கும், ஆளை விழுத்துவது பெரும்பாலும் இதுதான். நினைவு தப்பாமலே இவ்வளவும் நடப்பதால் வீட்டார் சிலர் செய்வினை என்று நூல் கட்ட ஓடுகிறார்கள். நூல் கட்டுவதில் தீங்கில்லை, கிளினிக் நாள் தவறுவதில்தான் தீங்கு.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அம்பாறை வைத்தியசாலைக்கோ போகுமுன், அவர் ஓய்வாக இருப்பதையும், கோப்பையை எடுப்பதையும், எழுந்து நிற்பதையும் தொலைபேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வாயால் விவரிப்பதைவிட நரம்பியல் நிபுணருக்கு அது மிகவும் உதவும்.

கிளோனாசெபாம், சோடியம் வல்ப்ரோவேற், லெவெற்றிராசெற்றாம் ஆகியவையே வழமையான மருந்துகள். ஒன்று போதாமல் இரண்டைச் சேர்த்துக் கொடுப்பதும், அளவை மெல்ல மெல்லக் கூட்டுவதும் சாதாரணம். வலிப்புக்கென்று வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் பெனிற்றோயின், கார்பமசெபின் குளிசைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள், அவை சிலருக்கு இழுப்பைக் கூட்டிவிடக்கூடும். பிள்ளைப்பேற்று வயதுப் பெண்ணாயின் வல்ப்ரோவேற் கருவைப் பாதிக்கும் என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். கிளோனாசெபாம் தூக்கத்தைத் தரும். அதற்காகத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வந்துவிடலாம். லெவெற்றிராசெற்றாமினால் சிடுசிடுப்பு வந்தால் அதனையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில், கிணற்றுக்கட்டில் நின்று வாளியால் அள்ளிக் குளிப்பதை நிறுத்தி, கைபிடியுள்ள கதிரையில் இருத்திக் குளிப்பாட்டுங்கள். கோப்பையை அரைவாசி மட்டும் நிரப்பி மூடியிட்டுக் கொடுங்கள். பின்னால் வந்து தொடாதீர்கள். முன்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட பின் தொடுங்கள். கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தும் நேரத்தை முன்கூட்டியே அவருக்குச் சொல்லி வைத்தால் திடுக்கிடல் குறையும்; நடைப் பயிற்சிக்கு இயன்முறை மருத்துவரிடம் அனுப்பக் கேளுங்கள்.

நினைவு தப்பி 5 நிமிடத்துக்கு மேல் இழுத்தாலோ, நினைவு திரும்பாமல் மீண்டும் மீண்டும் இழுத்தாலோ, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், 1990 என்னும் அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.