பிரைட்டனில் வளர்ச்சியியல் முதுகலை: புதிதாக வருபவர்களுக்கு

செப்டம்பரில் வந்து இறங்கினால் அடுத்த செப்டம்பருக்குள் படிப்பு முடிந்துவிடும். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் உள்ள சசெக்ஸ் பல்கலைக்கழகத்திலோ, அதே வளாகத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு நிறுவனத்திலோ (1966-இல் தொடங்கியது) சர்வதேச வளர்ச்சி, சுற்றுச்சூழல் படிக்க வருகிறவர்கள் இந்தக் கணக்கை முதல் வாரமே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வளாகம் ஃபால்மரில் இருக்கிறது. 25ஆம் எண் பஸ் போகும் லூயிஸ் ரோடு பக்கம் வீடு பார்ப்பது வசதி. முன்பணமாகப் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. கொடுத்த பணத்தை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த முன்பணப் பாதுகாப்புத் திட்டத்தில் போட்டதற்கு ஆதாரம் கேட்டு வாங்குங்கள். விசாவோடு அரசு மருத்துவச் சேவைக்கான கட்டணமும் கட்டித்தானே வந்திருக்கிறீர்கள்? காய்ச்சல் வரும்வரை காத்திருக்காமல் ஜிபி-யிடம் (உள்ளூர்ப் பொது மருத்துவர்) பதிவு செய்துவிடுங்கள்.

வேலை விஷயத்தில் கவனம் தேவை. பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. கோடையில் வகுப்பு இல்லையே என்று முழுநேரம் போய்விடாதீர்கள். முதுகலைக்கு அது விடுமுறை இல்லை, ஆய்வேடு எழுதும் காலம். 20 மணி வரம்பு அப்போதும் உண்டு. மீறினால் விசாவுக்கே ஆபத்து.

அப்புறம், செமினாரில் நம் பிள்ளைகள் வாய் திறக்கத் தயங்குவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். தொண்டு நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களுக்கு பி.ஆர்.ஏ. (Participatory Rural Appraisal) தெரிந்திருக்கும்: கிராமத்து மக்களே தங்கள் ஊரை வரைபடமாக வரைந்து காட்டும் முறை. அதைப் பரப்பிய ராபர்ட் சேம்பர்ஸ் இங்குள்ள வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் நெடுங்காலம் இருந்தவர். அவரே 1970களில் வட ஆற்காட்டு நெல் கிராமங்களில் ஆய்வு செய்தவர். ஆகவே பாலாற்றில் கலந்த தோல் கழிவைப் பற்றியும், யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தின் கிணறுகளில் எண்ணெய் கலந்ததைப் பற்றியும் நீங்கள் பேசினால் அது ஊர்க்கதை இல்லை, பாடத்தின் நடுப்பகுதி. தைரியமாகப் பேசுங்கள்.

அதுவே ஆய்வேட்டுத் தலைப்பாகவும் ஆகலாம். ஆனால் மக்களிடம் பேட்டி எடுப்பதானால் முன்கூட்டியே பல்கலைக்கழகத்திடம் ஆய்வு நெறிமுறை ஒப்புதல் வாங்க வேண்டும். பேட்டியை முடித்துவிட்டுக் கேட்டால் கிடைக்காது. படிவத்தைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவதும் சகஜம். ஜூனில் வாணியம்பாடிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக நினைத்தால் பிப்ரவரியிலேயே ஆய்வு வழிகாட்டியிடம் பேசத் தொடங்குங்கள். விசா விதிகளுக்காக, எத்தனை நாள் வெளிநாட்டில் இருப்பீர்கள் என்பதைப் பல்கலைக்கழகத்துக்கும் சொல்லிவிட்டு டிக்கெட் போடுங்கள்.