ஆங்கிலத்தில் கோபத்தைச் சரியாகச் சொல்வது எப்படி?

'ஐ ஆம் ஆங்கர்' என்று எழுதாதீர்கள். ஆங்கர் (anger) என்பது 'கோபம்' என்ற பெயர்ச்சொல், கோபமாக இருக்கிறேன் என்பதற்கு 'ஐ ஆம் ஆங்ரி' தான். பலர் தடுமாறுவது அதற்கு அடுத்து வரும் சின்னச் சொல்லில்: ஆள்மீது கோபம் என்றால் 'ஆங்ரி வித்', 'ஆங்ரி அட்' இரண்டும் சரி, நடந்த விஷயம் பற்றி என்றால் 'ஆங்ரி அபவுட்' போடுங்கள், ஆனால் நம் 'மேல்' என்பதை அப்படியே கொண்டுபோய் 'ஆங்ரி ஆன் ஹிம்' என்று ஒட்டினால் தப்பு. அப்புறம், ஆங்கர் வினைச்சொல்லாகவும் வரும்: 'ஹிஸ் வேர்ட்ஸ் ஆங்கர்ட் மீ', அவன் பேச்சு எனக்குக் கோபமூட்டியது. எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு இது. பேச்சைவிட எழுத்தில்தான் நன்றாகப் பொருந்தும். லேசான எரிச்சலுக்கு 'அனாய்ட்' போதும், கொதித்துப் போயிருந்தால் 'ஃபியூரியஸ்'. அமெரிக்கர்கள் 'மேட்' (mad) என்றால் பெரும்பாலும் கோபம்தான். பிரிட்டனில் பைத்தியம் என்றும் எடுத்துக்கொள்வார்கள், அங்கே 'ஆங்ரி' என்றே சொல்லிவிடுங்கள்.