வானிலை நிலையத்துக்கு வெப்பநிலை சென்சார்: இணைப்பு முதல் சரியான அளவு வரை

வீட்டில் அமைக்கும் வானிலை நிலையத்துக்கு டி.எஸ்.18பி20 சென்சார் நன்றாகப் பொருந்தும். எஃகுக் குழாய்க்குள் அடைத்து, வயரோடு வரும் நீர்புகா வகையை வாங்குங்கள். மைனஸ் 10 முதல் 85 டிகிரி செல்சியஸ் வரை அதன் பிழை ±0.5 டிகிரிக்குள் இருக்கும். அளவை எண்ணாக மாற்றியே அனுப்புவதால், வயரின் நீளம் வெப்பநிலைக் கணக்கைக் கெடுக்காது.

வயர்கள் மூன்று. பெரும்பாலும் சிவப்பு பவருக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு, மஞ்சள் டேட்டாவுக்கு. தயாரிப்பைப் பொறுத்து நிறம் மாறலாம். கூட வரும் குறிப்பைப் பார்த்துவிட்டே இணையுங்கள். குழாய் இல்லாத வகை என்றால், எழுத்துள்ள தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து கிரவுண்ட், டேட்டா, பவர். பவரும் கிரவுண்டும் இடம் மாறினால் சென்சார் விரலைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும். உடனே துண்டியுங்கள்.

சென்சாரைப் படிக்கும் சிறு கணினிப் போர்டு ஆர்டுயினோ ஊனோ என்றால் பவரை 5 வோல்ட்டிலும், வைஃபை உள்ள ஈ.எஸ்.பி.8266 என்றால் 3.3 வோல்ட்டிலும் கொடுங்கள். அடுத்து, டேட்டாவுக்கும் பவருக்கும் குறுக்கே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று; மஞ்சள், ஊதா, சிவப்புப் பட்டைகள் உள்ளது. இதை விட்டுவிடவே கூடாது. சென்சாரால் டேட்டா வயரைக் கிரவுண்டுக்கு இழுக்கத்தான் முடியும். திரும்ப மேலே தூக்குவது இந்த ரெசிஸ்டரின் வேலை.

ஆர்டுயினோ மென்பொருளில் ஒன்வயர், டல்லாஸ் டெம்பரேச்சர் என்ற இரண்டு லைப்ரரிகளையும் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) சேர்த்து, டல்லாஸ் லைப்ரரியோடு வரும் எளிய உதாரண நிரலைத் திறந்து, டேட்டா வயரை போர்டில் இணைத்த பின்னின் (இணைப்புக் காலின்) எண்ணை மட்டும் மாற்றினால் போதும். 12 பிட் என்ற உச்ச நுணுக்கத்தில் ஒருமுறை அளக்க 750 மில்லிநொடி வரை ஆகும். வானிலைப் பதிவுக்கு நிமிடத்துக்கு ஒரு அளவு தாராளம்.

இரண்டு எண்கள் வந்தால் அவற்றை வெப்பநிலையாக நம்பாதீர்கள். மைனஸ் 127 என்றால் சென்சாரிடமிருந்து பதிலே இல்லை: வயர் விட்டிருக்கும், ரெசிஸ்டர் இருக்காது, அல்லது பின் எண் தவறாக இருக்கும். 85 என்பது பவர் வந்ததும் சென்சாரில் இருக்கும் தொடக்க எண். அளந்து முடிப்பதற்குள் படித்தாலோ, பவர் வயர் லூசாகி நடுவில் விட்டுவிட்டு வந்தாலோ அது தலைகாட்டும். இரண்டையும் பதிவில் சேராமல் நிரலிலேயே தள்ளிவிடுங்கள். ஒரே ஒரு மைனஸ் 127 போதும், அன்றைய சராசரியைக் குலைத்துவிடும்.

வெளியே மாட்டும் முன் ஒரு சோதனை. நொறுக்கிய ஐஸை டம்ளர் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, குழாயை நடுவில் வைத்துக் கலக்குங்கள். சில நிமிடங்களில் எண் அசையாமல் நிற்கும். அது 0.3 என்று நின்றால், இனி வரும் எல்லா அளவிலிருந்தும் 0.3 கழியுங்கள்.

இவ்வளவு செய்தும் மாட்டும் இடம் தவறினால் பயனில்லை. நேர் வெயில் பட்டால் சென்சார் காற்றை அல்ல, தன் குழாய் சூடேறியதைத்தான் சொல்லும். பிழை பல டிகிரி வரை போகும். வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, நடுவில் சென்சாரைத் தொங்கவிட்டால் நிழலும் காற்றோட்டமும் சேர்ந்து கிடைக்கும். தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரம், சுவரையும் சிமென்ட் தளத்தையும் விட்டு விலகிய இடம். போர்டை அதே கூட்டுக்குள் வைக்காதீர்கள். வைஃபை ஓடும்போது அதன் சூடும் அளவில் ஏறிவிடும்.