டூப்ளிகேட் கீ பிழை: அழித்து எழுதுவது தீர்வன்று

பாளையங்கோட்டையில் எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 1062 என்ற பிழை எண்ணை, அதாவது இருமுறை வரக்கூடாத மதிப்பு மறுபடி வந்துவிட்டது என்ற அறிவிப்பைக் கண்டதும் அதைத் திரையிலிருந்து விரட்டவே முனைகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆகவே அப்படி விரட்டும்போது செய்யும் பெரிய தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன், சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

ரீப்ளேஸ் இன்டு

இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். உடன்குடிக் கருப்பட்டியை மொத்தமாக விற்கும் ஒரு கடைக்கு பில் மென்பொருள் எழுதினேன். வாடிக்கையாளர் டேபிளில் கைப்பேசி எண்தான் யூனிக் கீ, அதாவது ஒரே எண் இரண்டு வரிசைகளில் இருக்க முடியாது. பழைய வாடிக்கையாளரின் முகவரியைத் திருத்திச் சேமிக்கும்போதெல்லாம் பிழை வந்ததால், புதிய வரிசையைச் சேர்க்கும் இன்சர்ட் கட்டளையை ரீப்ளேஸ் என்று மாற்றினேன், பிழை நின்றது.

ரீப்ளேஸ் பழைய வரிசையைத் திருத்துவதில்லை. அதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகுகிறது. பற்று வரவு டேபிள் வாடிக்கையாளர் ஐடியை ஃபாரின் கீயாக (இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் புலமாக) கொண்டு, ஆன் டெலிட் கேஸ்கேட் (சுட்டப்படும் வரிசை அழிந்தால் சுட்டும் வரிசைகளும் அழியும்) என்று அமைந்திருந்ததால், 214 என்ற ஐடி போய் 1893 வந்தபோது, 214இன் கீழிருந்த பற்றுகள் அனைத்தும் சேர்ந்தே அழிந்தன. ஒரு வரிசைக்குக் கொடுத்த கட்டளையில் இரண்டு வரிசைகள் பாதிக்கப்பட்டதாக சர்வர் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது; நான்தான் பார்க்கவில்லை.

“என்னடே, ஊருல ஒருத்தனும் நமக்குப் பாக்கி தரவேண்டாம்னுல்லா காட்டுது?” என்று முதலாளி அழைத்த பிறகே விஷயம் தெரிந்தது. கணக்கப்பிள்ளை பழைய வழக்கப்படி சிட்டை எழுதி வைத்திருந்ததால், மூன்று இரவுகள் உட்கார்ந்து திரும்ப ஏற்றினோம்.

அங்கே எழுதியிருக்க வேண்டியது ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்; போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் 9.5 பதிப்பு முதல் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட் இருக்கிறது. ஐடி மாறாது, நீங்கள் குறிப்பிடும் புலங்கள் மட்டுமே மாறும். மைஎஸ்கியூஎல்லில் இரண்டு யூனிக் கீகள் இருந்தால், எது மோதினாலும் அப்டேட் நடந்துவிடும் என்பதால், தொடர்பில்லாத வேறொருவரின் வரிசை திருத்தப்படவும் கூடும்.

முதலில் செலக்ட், பிறகு இன்சர்ட்

எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று செலக்ட் கட்டளையால் பார்த்துவிட்டுச் சேர்ப்பதும் போதாது. இரண்டு கல்லாக்களில் ஒரே நொடியில் ஒரே எண்ணைப் பதிந்தால், இரண்டு செலக்ட்டும் ‘இல்லை’ என்றே சொல்லும். நேராக இன்சர்ட் செய்து, பிழை வந்தால் பிடித்துக் கையாளுங்கள்.

இன்சர்ட் இக்னோர்

இந்தக் கட்டளை இரட்டிப்பை மட்டுமன்றி, ஃபாரின் கீ மீறலையும் வெறும் எச்சரிக்கையாக்கி அந்த வரிசையைச் சத்தமின்றி விட்டுவிடும்.

பிழைச் செய்தியில் சொல் தேடுதல்

எந்தப் பிழை என்றறிய, செய்தியின் சொற்களை அல்ல, பிழை எண்ணைப் பாருங்கள்: மைஎஸ்கியூஎல்லில் 1062, போஸ்ட்கிரெஸில் 23505.

யூனிக் கீயையே தூக்கிவிடுதல்

கூடாது. தகப்பனும் மகனும் ஒரே கைப்பேசி எண்ணைக் கொடுக்கும் ஊரில் அந்த எண்ணை மட்டும் யூனிக் ஆக்கியதுதான் கோளாறென்றால், பெயரையும் அதனுடன் சேர்த்து ஒரே கீயாக அமையுங்கள்.