ரத்தம் உறையாமை மருந்தை மெல்ல விடும் பாலிமர் மணிகள்: ஃபுட் கலர் வைத்து ஒரு சோதனை

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றினால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். அதனால்தான் பம்ப் வைத்து விடாமல் ஏற்றுகிறார்கள். மருந்தைப் பாலிமருக்குள் (நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளாலான பொருள்) அடைத்து மெல்லக் கசிய விட்டால் இந்தப் பாடு குறையும். அந்த அடிப்படையைக் கல்லூரி லேபிலேயே பார்க்கலாம். மருந்துக்குப் பதில் ஃபுட் கலர். வீட்டில் யாரோ சாப்பிடும் வார்ஃபரினை (இதுவும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைதான்) எடுத்து வந்து கலக்கும் ஆசை வேண்டவே வேண்டாம்.

முதலில் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர் தண்ணீரில் உப்பும் கால்சியமும் அதிகம். மணி செய்யப்போகும் பாலிமரான ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுப்பது) அதில் திரிந்துவிடும். பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். 100 மி.லி.க்கு 2 கிராம் சோடியம் ஆல்ஜினேட். களிக்கு மாவு தூவுவது போலத் தூவிக்கொண்டே கலக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். குமிழி அடங்க ஓர் இரவு விட்டு, அப்புறம் கலர் சேருங்கள்.

இன்னொரு பீக்கரில் 100 மி.லி.க்கு 2 கிராம் கால்சியம் குளோரைடு. ஊசி கழற்றிய சிரிஞ்சால் ஆல்ஜினேட்டை அதில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கால்சியம் பாலிமர் இழைகளைப் பிணைக்க, சொட்டு உடனே மணியாகும். பத்து நிமிடம் ஊறியதும் வடிகட்டுங்கள்.

பாதி மணிகளை 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்த கைட்டோசானில் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பாலிமர்; 100 மி.லி.க்கு அரை கிராம்) பத்து நிமிடம் போடுங்கள். ஆல்ஜினேட் எதிர்மின்சுமை, கைட்டோசான் நேர்மின்சுமை, ஒட்டித் தோலாகிவிடும். மீதியை வெறும் அமிலத்தில் அதே பத்து நிமிடம் போடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால், வித்தியாசம் தோலால் வந்ததா அமிலத்தால் வந்ததா என்று தெரியாது, ஒப்பீடே செல்லாது.

சரி, இப்போது இரண்டையும் சம எண்ணிக்கையில் தனித்தனி உப்புத் தண்ணீரில் (100 மி.லி.க்கு 0.9 கிராம்) போடுங்கள். முதல் ஐந்து நிமிடம் நிமிடத்துக்கு ஒரு முறையும், பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையும் கொஞ்சம் எடுத்து நிறத்தை ஒப்பிடுங்கள். கலர் மூலக்கூறு ஹெப்பாரினைவிட மிகச் சிறியது, வேகமாகவே வெளியேறும்.

எவ்வளவு நேரம் தாங்கியது என்பதைவிட அந்த முதல் ஐந்து நிமிடத்தைத்தான் நான் பார்ப்பேன். மேற்பரப்பில் ஒட்டியிருப்பது ஒரேயடியாக வெளியே பாயும். வைட்டமின் என்றால் பரவாயில்லை. ஹெப்பாரின் அப்படிப் பாய்ந்தால் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும்.

தோல் போடாத ஒரு மணியைச் சோடியம் சிட்ரேட் கரைசலிலும் போட்டுப் பாருங்கள். சிட்ரேட் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ள, மணி கரைந்துவிடும். ரத்தம் உறையவும் கால்சியம் வேண்டும் என்பதால், உறைதல் சோதனைக்கு ரத்தம் பிடிக்கும் நீல மூடிக் குழாயிலும் இதே சிட்ரேட்தான் இருக்கிறது.