கார் போர்ச்சைப் பெரிதாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், வீட்டின் முன்பகுதியைப் பெரிதாக்க நினைக்காத குடும்பத்தைக் காண்பது அரிது. ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு சின்னக் காரும் மட்டும் இருந்த வீட்டில், பிள்ளைகள் தலையெடுத்து ஈப்போவுக்கும் கோல கங்சாருக்கும் வேலைக்குப் போகத் தொடங்கியபின் மூன்று வண்டிகள் நிற்கின்றன. நம்மவர்களுக்குக் கார் போர்ச் என்பது வண்டி நிறுத்தும் இடமாக மட்டும் இருப்பதில்லை. நிச்சயதார்த்தத்துக்குப் பாய் விரிப்பதும், கருமாதிக்கு நாற்காலி போடுவதும், தீபாவளிக்கு முறுக்குச் சட்டியை அடுப்பில் ஏற்றுவதும் அங்கேதான். அப்படிப்பட்ட இடத்துக்குச் சேமிப்பையும் சேமநிதிப் பணத்தையும் எடுத்துச் செலவழிக்கிறவர்கள், சுத்தியல் விழுவதற்கு முன்பே செய்துவிடும் தவறுகளால் நட்டப்படுவதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, தெரிந்த ஆள் என்பதற்காக எழுத்தில்லாமல் வேலையை ஒப்படைப்பது. எங்கள் வீட்டு வேலையை எடுத்த குத்தகையாளர் குடும்பத்துக்குப் பல ஆண்டுப் பழக்கம் உள்ளவர். "அண்ணே, நம்ம வீடு மாதிரி பார்த்துச் செஞ்சு தர்றேன், நீங்க கவலைப்படாதீங்க" என்று சொன்னார், நானும் கவலைப்படவில்லை. அவர் தந்த கொட்டேஷனில் "போர்ச் எக்ஸ்டென்ஷன், கூலி பொருளோடு, 18,000 ரிங்கிட்" என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதில் பாதியை, அதாவது 9,000 ரிங்கிட்டை, முன்பணமாகக் கொடுத்தேன். இரும்புத் தூண்கள் நான்கு நட்டதும் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஆறு வாரங்கள் அந்தத் தூண்கள் மழையில் நின்று, அடியிலிருந்து துருநீர் சிமெண்டுத் தரையில் செம்மண் நிறத்தில் வழிந்தது. கூப்பிட்டுக் கேட்டபோது, கூரைத் தண்ணீர் வடியும் பீலியும் தரை ஓடும் அந்தத் தொகையில் சேரவில்லை என்றார். தாளில் ஒன்றும் இல்லாதபோது நான் எதைக் காட்டி வாதாடுவது? உறவும் போயிற்று, வேலையை முடிக்க வேறோர் ஆளுக்கு மேலும் 4,200 ரிங்கிட் செலவும் ஆயிற்று. தெரிந்தவரிடம் எழுதி வாங்கினால் மனம் கோணும் என்று தயங்குகிறோம். எழுதாமல் விட்டதால் முறிந்த உறவுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கொட்டேஷன் எவ்வளவு விரிவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நீள அகலம், தரையின் கனம், அதற்குள் போடும் இரும்பு வலையின் வகை, தூணின் அளவும் தகட்டுக் கனமும், கூரைத் தகரத்தின் வகையும் கனமும், பீலி, தண்ணீர்க் குழாய் எங்கே போய் இறங்கும் என்பது, தரை ஓட்டுக்குச் சதுர அடிக்கு எவ்வளவு விலை வரை கணக்கிட்டிருக்கிறார் என்பது, விளக்கும் மின்விசிறியும் எத்தனை இடங்களில், உடைத்த கல்லையும் மண்ணையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போகும் செலவு யாருடையது என்பது என எல்லாமே எழுத்தில் இருக்க வேண்டும். ஒரே விவரப் பட்டியலை மூன்று பேரிடம் கொடுத்து விலை கேட்டால்தான் விலைகளை ஒப்பிட முடியும். ஒருவர் கூரைக்கு மட்டும் சொன்ன விலையையும் இன்னொருவர் தரையும் சேர்த்துச் சொன்ன விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மலிவானவரைப் பிடித்துவிட்டதாக மகிழ்வது வீண்.

பணத்தைப் பாதிப் பாதியாகப் பிரிப்பதும் தவறுதான். தொடக்கத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதன்பின் அத்திவாரம் முடிந்ததும் ஒரு பங்கு, தரை ஊற்றியதும் ஒரு பங்கு, கூரை ஏறியதும் ஒரு பங்கு என்று, செய்து முடித்த வேலைக்கே பணம் போக வேண்டும். கடைசிப் பத்து விழுக்காட்டை, ஒன்றிரண்டு கனமழை பெய்து ஒழுகல் இல்லை என்று தெரியும் வரை கையில் வைத்திருக்க வேண்டும். பொருள் வாங்கப் பணமில்லை என்று குத்தகையாளர் சொன்னால், ஹார்ட்வேர் கடையில் நீங்களே நேரடியாகப் பணம் கட்டிப் பொருளை உங்கள் வீட்டில் இறக்கச் சொல்லலாம். நேர்மையாக வேலை செய்கிறவர் அதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

குத்தகையாளர் சி.ஐ.டி.பி. எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்தவரா என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுமானக் குத்தகையாளர்கள் அங்கே பதிந்திருக்க வேண்டும். கார் போர்ச் வேலைக்கு அடித்தட்டான ஜி1 தரமே போதும். பதிவு இருப்பதாலேயே வேலை நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பிரச்சினை வந்தால் தேடிப் பிடிக்க ஒரு பெயரும் முகவரியும் கிடைக்கும். மலேசியப் பயனீட்டாளர் உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே பதியலாம். மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். அங்கேயும் முதலில் கேட்கப்படுவது கொட்டேஷனும் ரசீதுகளும்தான்.

அடுத்த பெரிய தவறு அனுமதியைப் பற்றியது. "இந்த வரிசையில் எல்லாரும் கட்டியிருக்கிறார்கள், யாரும் கேட்கவில்லை" என்ற வாதம் நம் ஊரில் அடிக்கடி காதில் விழுகிறது. 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, உள்ளூராட்சியின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி இல்லாமல் கட்டுவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே இருக்கும் வீட்டை நீட்டுவதும் மாற்றுவதும் அதற்குள் அடங்கும். சுங்கை சிப்புட்டுக்கு அந்த உள்ளூராட்சி கோல கங்சார் நகராண்மைக் கழகம். கூரையையோ தூணையோ தொடாத சிறு வேலைக்கும், புதிய தூணும் உத்தரமும் எழுப்பும் வேலைக்கும் நடைமுறை வேறுபடும். பின்னதற்குத் தகுதி பெற்றவர் வரைந்த படம் வேண்டும். ஆகவே கழக அலுவலகத்தின் முகப்பில் போய்க் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. "பெர்மிட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று குத்தகையாளர் சொன்னால், உங்கள் பெயரும் வீட்டு எண்ணும் உள்ள அனுமதிக் கடிதத்தின் நகலைக் கையில் வாங்கிய பிறகே உடைக்க விடுங்கள், ஏனென்றால் இடிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தால் அது வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும். பழைய தோட்ட நிலத்தில் எழுந்த புதிய தாமானில் வீடு வாங்கியவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். சாவி கிடைத்த நாளிலிருந்து 24 மாதங்கள் வரை குறைபாடுகளை மேம்பாட்டாளர் சரிசெய்து தர வேண்டும். அதற்குள் சுவரை உடைத்து நீட்டிவிட்டால், பின்னால் வரும் விரிசலுக்கு உங்கள் வேலையையே காரணம் காட்ட அவருக்கு இடம் கொடுத்தவர் ஆவீர்கள்.

அளவு எடுப்பதில் நேரும் பிழையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்றைய மைவி காரின் நீளம் 3,895 மில்லிமீட்டர், அகலம் 1,735 மில்லிமீட்டர். இருபது அடி அகல வீட்டில் இரண்டு மைவி பக்கம் பக்கமாக நிற்கும் என்று தாளில் கணக்குப் போட்டால் சரியாகவே வரும். நடுவில் ஒரு தூணும், உள்பக்கம் திறக்கும் கேட்டும் வந்துவிட்டால் பாட்டியைக் காரிலிருந்து இறக்கக் கதவு திறக்காது. தூண் வரும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்து, வண்டிகளை நிறுத்தி, எல்லாக் கதவுகளையும் திறந்து பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

தரைதான் பலர் கவனிக்காமல் விடும் இடம், செலவு திரும்பத் திரும்ப வருவதும் அங்கேதான். நம் தாமான்கள் பலவும் ரப்பர்க் காட்டையும் செம்பனைக் காட்டையும் வெட்டி, மேட்டை இழுத்துப் பள்ளத்தில் கொட்டிச் சமமாக்கிய நிலத்தில் நிற்கின்றன. கொட்டிய மண் பல ஆண்டுகள் மெல்லத் தாழ்ந்துகொண்டே இருக்கும். வீடு ஆழமான அத்திவாரத்தில் அசையாமல் நிற்க, மேலோட்டமாக ஊற்றிய போர்ச்சுத் தரை மட்டும் கீழே இறங்கினால், இரண்டும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு விழும். சிமெண்டைப் பூசி எத்தனை முறை அடைத்தாலும் அது மறுபடியும் திறக்கும். பழைய வீட்டோடு புதிய தரையை இறுக்கிக் கட்டாமல், இடையில் ஒரு சந்து விட்டு, நெகிழும் பசையால் நிரப்புவதே சரி. தூணின் அத்திவாரம் இளகிய மண்ணைத் தாண்டிக் கெட்டியான மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று, குழியை மூடுவதற்கு முன் நேரில் பார்க்க வேண்டும்.

கலவை ஊற்றும் நாளன்று விடுப்பு எடுத்தாவது வீட்டில் இருங்கள். முடிக்க வந்த இரண்டாவது குத்தகையாளரின் ஆட்கள் காலை எட்டு மணிக்கு இரும்பு வலையைக் கொண்டுவந்து பிளாஸ்டிக் விரிப்பின்மேல் அப்படியே போட்டார்கள். கொட்டேஷனில் எழுதியபடி பி.ஆர்.சி. ஏ7 வலைதான், ஏழு மில்லிமீட்டர்க் கம்பி. ஆனால் மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. கலவை மேலே விழுந்தால் வலை அடியிலேயே தங்கிவிடும், விரிசலைத் தடுக்க வேண்டிய இடத்தில் இரும்பு இருக்காது. வலையின் கீழே சிறு சிமெண்டுக் கட்டிகளை வைத்துத் தூக்கச் சொன்னேன். தலைமைக் கொத்தனார் ஒன்றும் பேசாமல் லோரியிலிருந்து ஒரு சாக்கு நிறையக் கட்டிகளை எடுத்து வந்தார். கட்டிகள் வண்டியிலேயே இருந்தன. கேட்க ஆளில்லாவிட்டால் அவை அங்கேயே இருந்திருக்கும். அதேபோல, கலவை இழுக்கக் கடினமாக இருக்கிறது என்று குழாயைத் திறந்து தண்ணீர் விட்டால் இளகி ஓடும், வேலை விரைவாக முடியும், தரையின் வலு மட்டும் போய்விடும். ஊற்றியபின் குறைந்தது ஏழு நாட்களுக்குத் தரையை ஈரமாக வைத்திருக்க வேண்டும். காங்கிரீட்டின் வலுவை 28ஆம் நாளில்தான் கணக்கிடுகிறார்கள், ஆகவே அடுத்த வாரமே வண்டியை ஏற்ற அவசரப்பட வேண்டாம். கறையான் மருந்தையும் கலவைக்கு முன்பே மண்ணில் அடித்துவிட வேண்டும். மண்ணுக்கடியில் மக்கிக் கிடக்கும் மரவேர்கள் கறையானை வரவேற்கும், தரை மூடியபின் மருந்து அடிக்கத் தரையைத் துளைக்க வேண்டியிருக்கும்.

மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே அண்டை வீட்டாரோடு பேசிவிடுங்கள். நம் கூரைச் சரிவு அவர்கள் பக்கம் சாய்ந்து, மாலை மழையில் அவர்கள் துளசி மாடத்தில் தண்ணீர் கொட்டினால், அது அனுமதிக் கடிதத்தால் தீரும் சண்டையாக இருக்காது. கூரை, வீட்டுச் சுவரைச் சந்திக்கும் இடத்தில் சுவரைக் கீறித் தகட்டைச் செருகி அடைக்க வேண்டும். மேலாகப் பசை பூசிவிட்டுப் போனால் வெயிலில் காய்ந்து ஓராண்டில் ஒழுகும். தரை, கேட்டை நோக்கிச் சரிய வேண்டும். கழிவுநீர்த் தொட்டியின் மூடி போர்ச்சுக்குள் வந்தால், அழகுக்காக அதன்மேல் ஓடு பதித்து மறைத்துவிடாதீர்கள். அடைப்பு எடுக்க ஆள் வரும் நாளில் புதுத் தரையை உடைக்க நேரும். மின் வேலைக்கு உரிமம் பெற்ற வயர்மேன் வேண்டும், ஆட்டோ கேட்டுக்கு இழுக்கும் ஒரு கம்பியாக இருந்தாலும் அப்படித்தான்.

கடைசியாகக் காலம். தீபாவளிக்குள் முடித்துத் தருவதாகச் சொல்லி ஆகஸ்டில் எல்லா வீட்டிலும் முன்பணம் வாங்குகிறவர்களிடம் ஆட்கள் போதாது. அக்டோபரிலும் நவம்பரிலும் நம் பக்கம் மாலை தவறாமல் மழை. ஜூனில் தொடங்கினால் வெயிலும் இருக்கும், ஆட்களும் கிடைப்பார்கள். வேலை முடிந்தது என்று சொல்லும் நாளில், கூரைமேல் அரை மணி நேரம் குழாயால் தண்ணீர் விட்டுக் கீழே நின்று பாருங்கள். பிறகு தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அது எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். தேங்கும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டு, படம் எடுத்துக் குத்தகையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதைச் சரிசெய்து, கனமழையிலும் ஒழுகல் இல்லை என்று தெரிந்தபின் கடைசித் தவணையைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.